முதல் வேலை: ஸ்டார்ட்அப்பா, பெரிய நிறுவனமா?

அன்புள்ள ஐயா,

கணினிப் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். கையில் இரண்டு ஆஃபர். ஒன்று, பன்னிரண்டு பேர் மட்டும் இருக்கும் ஸ்டார்ட்அப். சம்பளம் குறைவு, பங்குகள் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னொன்று, ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் நிறுவனம். ‘பெரிய இடத்தில் சேர், நிம்மதியாக இருக்கலாம்’ என்கிறார் அப்பா. ‘அங்கே போனால் ஒன்றும் கற்க மாட்டாய்’ என்கிறார்கள் நண்பர்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா சொல்லும் நிம்மதிக்கு இப்போது உத்தரவாதம் இல்லை. 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. இரண்டே மாதத்தில் கூகுள் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. ஆனாலும் பெரிய இடங்களில் பெரும்பாலும் ஏதாவது தொகை கொடுத்து அனுப்புவார்கள். ஸ்டார்ட்அப்பில் பணம் தீர்ந்துபோனால் கடைசி மாதச் சம்பளமே சந்தேகம்தான்.

அப்புறம் அந்தப் பங்குகள். பெரும்பாலும் கிடைப்பது பங்கு அல்ல, குறித்த விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. வழக்கமாக அது நான்கு வருடத்தில்தான் முழுதாக உங்கள் கைக்கு வரும்; முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. கம்பெனியை விற்றாலும் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. 2012இல் 13 பேர் வேலை பார்த்த இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்ததை எல்லோரும் சொல்வார்கள். போட்ட முதலே திரும்பாத கம்பெனிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சம்பளத்தை ஒப்பிடும்போது பங்குகளின் மதிப்பைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதைப் பார்ப்பது? நீங்கள் எழுதும் புரோகிராமை தினமும் யார் படித்துத் திருத்தப்போகிறார்கள் என்று பாருங்கள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஒரு பிழையை எப்படித் தேடிப் பிடிப்பது, எதை டெஸ்ட் செய்யாமல் வெளியே விடக்கூடாது, ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று எப்போது சொல்வது, இதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் படிவது. முதல் இரண்டு மூன்று வருடத்தில் படிந்ததை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். ஸ்டார்ட்அப்பில் டேட்டாபேஸ், சர்வர், வாடிக்கையாளரின் கோபம் என எல்லாமே உங்கள் கைக்கு வரும். அனுபவசாலி ஒருவர் கூட இருந்தால் அது பெரிய வாய்ப்பு. பன்னிரண்டு பேரும் உங்களைப் போலப் புதியவர்கள் என்றால், தப்பைத் தப்பென்று சொல்ல ஆள் இல்லாமல் தப்பையே வேகமாகப் பழகிவிடுவீர்கள். பெரிய நிறுவனத்திலும் ஏதோ பழைய மென்பொருளின் மூலையில் உட்கார வைத்து மறந்துவிடலாம். அதனால் எந்த டீம், யார் லீட் என்று கேட்காமல் சேராதீர்கள். ஸ்டார்ட்அப்பிடம் ‘கையிலிருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்?’ என்றும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பி இருந்தால், அல்லது கல்விக் கடன் இருந்தால், யோசிக்காமல் பெரிய நிறுவனம். அந்த நெருக்கடி இல்லை, இரண்டு இடத்திலும் நல்ல சீனியர் இருக்கிறார் என்றால், நான் ஸ்டார்ட்அப் பக்கம்தான் சாய்வேன்.

பதில் சொல்ல இன்னும் நாலைந்து நாள் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். அதற்குள் உங்கள் புரோகிராமைப் பார்க்கப்போகிறவரோடு அரைமணி நேரம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.