ஷட்டவுன் குடுத்தா தொங்குற விஎம்

தண்டையார்பேட்டை ஆபீஸ்ல கரண்ட் போனதும் ப்ராக்ஸ்மாக்ஸ்ல (ஒரே சர்வர்ல பல விஎம், அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர், ஓட்டுற சாஃப்ட்வேர்) ஷட்டவுன் குடுத்தா விஎம் தொங்குது, அதுக்குள்ள யூபிஎஸ் காலியாவுதுன்னு கேட்டிருந்தீங்களே ப்ரோ, மொதல்ல விஎம்மோட ஆப்ஷன்ஸ்ல கெஸ்ட் ஏஜென்ட் (விஎம்முக்குள்ள ஓடி சர்வர் சொல்றத கேக்குற சின்ன ப்ரோக்ராம்) எனேபிள்னு இருக்கான்னு பாருங்க. அது ஆன்ல இருந்து உள்ள ஏஜென்ட் ஓடலன்னா, சர்வர் அதையே கூப்பிட்டுனு டைம்அவுட் ஆவுற வரைக்கும் நிக்கும். லினக்ஸ்னா க்யூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் பேக்கேஜ் போடுங்க, விண்டோஸ்னா விர்ட்ஐஓ ஐஎஸ்ஓலயே (விண்டோஸ் விஎம்முக்கான டிரைவர் இருக்கற டிஸ்க் ஃபைல்) இருக்கு. ஆப்ஷன மாத்துனா விஎம்ம முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும், உள்ளருந்து ரீபூட் பண்ணா பத்தாது.

இப்பவே தொங்கினு இருந்தா, ஸ்க்ரீன்ல கீழ ஓடுற ஷட்டவுன் டாஸ்க்க நிறுத்திட்டு அப்புறம் ஸ்டாப் குடுங்க, இல்லன்னா விஎம் பூட்டியிருக்குன்னு லாக் எரர் வரலாம். ஆனா ஸ்டாப்னா ப்ளக்க புடுங்கற மாதிரி, டேட்டாபேஸ் இருக்கற விஎம்ல தயவுசெஞ்சு கடைசி வழியா மட்டும் வெச்சுக்கோங்க. அப்புறம் விஎம்மோட டிஸ்க் நாஸ்ல (நெட்வொர்க்ல இருக்கற ஸ்டோரேஜ் பெட்டி) இருக்குன்னா, நாஸ் முன்னாடியே ஆஃப் ஆயிடுதான்னும் பாருங்க, ஆச்சுன்னா விஎம் டிஸ்க்குக்கு எழுத முடியாம அப்படியே நின்னுடும்.