போன் செய்வதற்கு முன் எதைப் படிப்பது?

அன்புள்ள ஐயா,

மருந்துக் கிடங்குகளுக்கு வெப்பநிலைக் கண்காணிப்புக் கருவிகள் விற்கிறேன். ஒரு நிறுவனத்தைக் கூப்பிடுவதற்கு முன் அவர்களுடைய இணையதளம், வரலாறு, செய்திகள் என்று மணிக்கணக்கில் படிக்கிறேன். பேசும்போது எதுவும் கைகொடுப்பதில்லை. "மெயில் அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். இவ்வளவு படிப்பது வீண்வேலையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீண்வேலை இல்லை. ஆனால் நிறுவனத்தைப் படிக்கிறீர்கள், தொழிலைப் படிக்காமல் விட்டுவிடுகிறீர்கள். அவர்கள் எப்போது தொடங்கினார்கள், எத்தனை கிளை என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். உங்கள் வாயால் கேட்டு அவர்களுக்கு ஆகப்போவது என்ன?

அந்தத் தொழிலில் பணம் எங்கே கரைகிறது, கரைந்தால் யார் தலையில் விழுகிறது? முதலில் அதைத் தேடுங்கள். உங்கள் துறையையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். இதைச் சொன்னதும் சூடு ஏறுவதுதான் ஆபத்து என்று தோன்றும். ஆனால் அலுமினிய உப்பு சேர்ந்த ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் வீரியம் போய்விடும். உருகிய பிறகு வெறும் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் அடுக்கினால் போதும், அதை ஒட்டியிருக்கும் குப்பிகள் உறைந்துவிடக்கூடும்.

இதைத் தெரிந்துகொண்டவர் போனில் பாடம் நடத்தக் கூடாது. "உறைஞ்சிருக்குமோன்னு சந்தேகத்துல திரும்பி வர்ற சரக்கை என்ன பண்றீங்க? நஷ்டம் உங்களுக்கா, வண்டிக்காரருக்கா?" என்று கேட்டால் போதும். கிடங்கு மேலாளருக்கு இதில் சொல்ல ஒரு கதையாவது இருக்கும்.

நீல் ராக்கம் என்ற ஆய்வாளரின் குழு 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தது. 1988ல் வெளியான அதன் முடிவுகளில் ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன கருவி வைத்திருக்கிறீர்கள் போன்ற நிலவரக் கேள்விகள் தோற்ற சந்திப்புகளில்தான் அதிகம். அந்தக் கேள்விகளுக்கான பதிலை முன்கூட்டியே தேடி வைத்துக்கொண்டால், கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் பிரச்சினையைப் பற்றிப் பேசலாம். படிப்பின் முதல் பயனே அதுதான்.

எங்கே படிப்பது? பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் ஆண்டறிக்கையில் இடர்களைப் பற்றிய பகுதி. அப்புறம் வேலைவாய்ப்பு விளம்பரங்கள். தர உறுதி ஆட்களைத் திடீரென்று நிறையத் தேடினால், ஏதோ ஒரு தணிக்கை நெருங்குகிறதா என்று யோசிக்கலாம். ஆனால் இவை எல்லாவற்றையும்விட, அதே தொழிலில் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவரிடம் அரைமணி நேரம் பேசுவதையே நான் நம்புவேன். எந்தத் தாளிலும் இல்லாதது அவரிடம் கிடைக்கும்.

மணிக்கணக்கில் படிப்பதை ஒரு தொழிலுக்கு ஒருமுறை செய்யுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பேச்சில் அவர் சொல்வது நீங்கள் படித்ததற்கு மாறாக இருந்தால் திருத்தப் போகாதீர்கள். அவர் கிடங்கில் எப்படி நடக்கிறதோ அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தவரைக் கூப்பிடும்போது கேட்க அதிலிருந்தே ஒரு கேள்வி கிடைக்கும்.