காணாமல் போன நியான் மீன்கள்

கேள்வி: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் 2 ஏஞ்சல், 6 நியான் டெட்ரா, 2 கோல்டு ஃபிஷ், 1 சக்கர் மீன் விட்டு ஐந்து மாதமாகிறது. இப்போது நியான் மூன்றுதான் இருக்கிறது. செத்து மிதக்கவும் இல்லை. எந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

பதில்: என் சந்தேகம் ஏஞ்சல் மீதுதான். நீங்கள் வாங்கியபோது அது கட்டைவிரல் நகத்தளவு இருந்திருக்கும். இப்போது வாயைக் கவனியுங்கள், மெலிந்த நியான் ஒன்று தாராளமாக நுழையும். இரவில் நியான்கள் அசையாமல் நிற்கும்போது வேலை சுலபம். சின்னதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தால் கடிக்காது என்று சொல்வதை நம்பாதீர்கள்.

கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த நீர் பிடிக்கும், மற்றவற்றுக்கு 24 முதல் 27 டிகிரி வேண்டும். கோல்டு ஃபிஷ்ஷின் கழிவும் அதிகம். சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். உங்கள் தொட்டியின் அகலமே ஓரடிதான்! இவற்றையும் ஏஞ்சலையும் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விடவே கூடாது. சக்கர் அங்கே பெருகினால் உள்ளூர் மீன்களுக்குத் திண்டாட்டம்.

சரி, இனி என்ன விடலாம்? முதலில் கண்ணாடியில் நீர்மட்டக் கோட்டைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிகிறதா? அப்படியானால் கடின நீர். கப்பி, பிளாட்டி மீன்கள் நன்றாக வரும். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுங்கள், இல்லாவிட்டால் ஆண் துரத்தியே பெண்ணைக் களைக்க வைத்துவிடும். மாதம் ஒருமுறை குட்டி போடும். அது தொல்லை என்றால் ஆண் கப்பிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம், நிறமும் அவற்றுக்குத்தான்.

உப்புப் படியாத மென்நீர் என்றால் இருக்கும் மூன்று நியானோடு இன்னும் ஐந்தாறு சேருங்கள். கூட்டமாக இருந்தால்தான் பயமில்லாமல் நீந்தும். அடியில் மேய ஆறு சின்னக் கோரிடோரஸ் கெளுத்தி மீன்கள் போதும்.

கப்பியோடு ஆண் ஃபைட்டர் மீன் வேண்டாம். கப்பியின் நீண்ட வாலைப் பார்த்து, இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயும். டைகர் பார்ப் மீன் அந்த வாலைக் கொத்திக் கந்தலாக்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டர் பஞ்சில்தான் வாழ்கிறது. மீன் கூடக்கூட அதுவும் பெருக அவகாசம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு மீன் என்று சேருங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றும்போது, எடுத்த தொட்டி நீரிலேயே பஞ்சை அலசுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அந்தப் பாக்டீரியா செத்துவிடும்.