தோற்ற சதுரங்க ஆட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தால் போதாதா?

கணினி நொடியில் அலசிவிடும் ஆட்டத்தைப் பலகையில் மறுபடி ஆடிப் பார்ப்பது வீண் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் அண்மையில் தோற்று, ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையை, மாற்றச் சொன்னவர்களால் குழம்பியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். எனக்கு அதுவே நேர்ந்தது.

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவன். 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 9-ஆவது ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு ஆடிய நார்வே வீரர் கார்ல்சனின் நிம்சோ-இந்தியன் தற்காப்பு என்ற தொடக்க முறைக்கு எதிராக ஆனந்த் 4-ஆவது நகர்த்தலில் சிப்பாயை எஃப்3 கட்டத்தில் வைத்து, பின்னர் ஜி4, எஃப்4 என்று ராஜா பக்கம் பாய்ந்ததில் மயங்கி, அவற்றை மனப்பாடம் செய்தேன். 28-ஆவது நகர்த்தலில் எஃப்1-இல் பிஷப்பை வைக்காமல் குதிரையை வைத்ததே ஆனந்தை வீழ்த்தியது. ஆகவே ஓப்பனிங்கில் குறையில்லை என்று நம்பினேன்.

அடுத்த ஆண்டு பாலக்காட்டில் ஒரு போட்டியில், ஓய்வுபெற்ற மாஷ் (ஆசிரியர்) ஒருவரிடம் அதையே ஆடித் தோற்றேன். எழும்போது அவர், “எந்தினா மோனே ஆ ஜி4?” (எதற்கு மகனே அந்த ஜி4?) என்று கனிவாகக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. பயிற்சியாளரோ ஓப்பனிங்கையே மாற்றச் சொன்னார்.

அன்றிரவு கணினியைத் திறக்காமல், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே அதை ஏன் ஆடினேன் என்று எழுதினேன். ஜி4-க்கு எதிரே ‘ஆனந்த் ஆடினார்’ என்பதைத் தவிர எழுத ஒன்றும் இருக்கவில்லை. ஆனந்தின் ஆட்டத்தையும் அருகில் வைத்தபோதுதான் விளங்கியது: கார்ல்சன் 8-ஆவது நகர்த்தலிலேயே சிப்பாயை சி4-க்குத் தள்ளி, ஆனந்தின் டி4 சிப்பாயின் மீதிருந்த அழுத்தத்தைக் கைவிட்டார், நடுப்பகுதி மூடிக்கொண்டதால் ஆனந்த் அஞ்சாமல் ஓரத்தில் பாய முடிந்தது. மாஷ் அப்படித் தள்ளவில்லை. கோட்டை கட்டி, யானையை இ8-இல் நிறுத்தி, என் இ3 சிப்பாயைக் குறிவைத்தார். நானோ நடுப்பகுதி திறந்து கிடக்கும்போதே ராஜாவின் காவல் சிப்பாய்களைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

கணினியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மறுநாள் அதையும் திறந்தேன், அதுவும் ஜி4-ஐயே பிழையென்றது. முதலிலேயே அதைப் பார்த்திருந்தால், அந்த நகர்த்தலைக் காரணமின்றி ஆடினேன் என்பது எனக்குத் தெரிந்திருக்காது. ஓப்பனிங்கை மாற்றவில்லை, இன்றும் எஃப்3-தான் ஆடுகிறேன்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி நகர்த்தல் குறிப்புத்தாள் அமைப்பாளருக்கு உரியதுதான். ஆனால் அன்று பாலக்காட்டுப் போட்டியில் கார்பன் நகலே இல்லாத தாளைக் கொடுத்து, முடிந்ததும் வாங்கிக்கொண்டார்கள். முழு ஆட்டத்தையும் பேருந்தில் நினைவிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அத்தகைய போட்டியில் ஆடினால், தாளை ஒப்படைக்குமுன் நகர்த்தல்களைப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.