கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்

கேள்வி: திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில் நான் கமிட்டி உறுப்பினர். பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் முப்பது பேர் போல ஒரு வருடமாக ஆராதனைக்கு வருகிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் போய்விடுவார்கள். அறுப்பின் பண்டிகை விருந்தில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர்களுக்குத் தனிப் பந்தி போட்டோம். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்போது, "சந்தாவும் கட்டுவதில்லை, மதியம் மூன்று மணிக்கு ஓய்வுநாள் பள்ளி ஹாலில் தனியாக இந்தி ஆராதனை வைத்துவிடலாம்" என்று கமிட்டியில் பேச்சு. முன்னால் நின்று பேசுவது என் கணவரின் அண்ணன். எனக்கு இந்தியும் தெரியாது. சபையில் பிரிவினை வராமல் நான் என்ன செய்ய?
- ஒரு சகோதரி, திருப்பூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் உறுத்தல் நியாயமானது. அதை அடக்கிவிடாதீர்கள். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். தப்பான உபதேசம் எதையும் அவர் வாயால் சொல்லவில்லை. சாப்பாட்டில் தள்ளி உட்கார்ந்தார், அவ்வளவுதான். பவுல் அதை விடவில்லை. எல்லாருக்கும் முன்பாக, முகமுகமாய் எதிர்த்தார். சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்ற நடை இதுவல்ல என்றார் (கலாத்தியர் 2). உங்கள் சபையார் கெட்ட எண்ணத்தோடு அந்தப் பந்தியைப் போட்டிருக்க மாட்டார்கள். வந்த பிள்ளைகள் வயிறார சாப்பிடட்டும் என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனாலும் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அதன் அர்த்தம் புரிந்திருக்கும்.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் பழைய பழக்கம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதி பார்த்துத் தனித்தனியே உட்கார வைக்கக் கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளேயே சுவர் இருந்தது. அது இடிபட்டது 1910இல்தான். இன்று உங்கள் ஆலயத்தில் சுவர் எதுவும் இல்லை. மூன்று மணி ஆராதனை ஒரு சுவராகிவிடுமா என்பதுதான் கமிட்டி கேட்க வேண்டிய கேள்வி.

தாய்மொழியில் ஆராதிப்பது தவறே இல்லை. மும்பையிலும் டெல்லியிலும் சிங்கப்பூரிலும் நம் மக்கள் தமிழ் ஆராதனை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்த மொழியில் ஜெபிக்கும்போது வரும் ஆறுதலை அங்கே போனவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆகவே இந்தப் பிள்ளைகள் தாங்களாக வந்து கேட்டால் சந்தோஷமாகக் கொடுங்கள். அப்போதும் மாதம் ஒருமுறை திருவிருந்து ஆராதனையில் எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது யாரும் அவர்களிடம் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களைப் பற்றிய முடிவு அவர்கள் இல்லாத கூட்டத்தில் எடுக்கப்படுகிறது. அவர்களுக்கு இந்திதான் தாய்மொழியா என்பதாவது தெரியுமா? ஒடியா, குயி, சாத்ரி, முண்டாரி என்று எதுவாகவும் இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் எத்தனை பேர், எந்த மாநிலம், எங்கே வேலை என்பதெல்லாம் இருக்கிறது. அவர்களைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஊரில் எந்தச் சபை, யார் ஞானஸ்நானம் கொடுத்தது, திடப்படுத்தல் (திருவிருந்தில் பங்குபெறச் சேர்க்கும் ஆராதனை) ஆனதா என்று விசாரியுங்கள். பெர்லினிலிருந்து வந்த காஸ்னர் மிஷனெரிகள் ஜார்க்கண்டின் ராஞ்சியில் காலெடுத்து வைத்தது 1845இல். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் குடும்பங்கள் நாலைந்து தலைமுறையாகக் கர்த்தரை அறிந்தவையாக இருக்கக்கூடும். ஒடிசாவிலிருந்து வந்தவர்களில் கந்தமால் மாவட்டத்தார் இருந்தால், 2008இல் கிறிஸ்தவர்களுக்கு எதிரான கலவரத்தில் வீடுகளும் ஆலயங்களும் எரிந்ததைச் சிறுவயதில் பார்த்தவர்களாக இருக்கலாம். விசுவாசத்துக்காக அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலையை உங்கள் கமிட்டியில் எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள்? அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

சேர்த்துக்கொள்வது எப்படி என்பதற்கு எனக்குப் பிடித்த அதிகாரம் அப்போஸ்தலர் 6. கிரேக்கரானவர்கள், அதாவது கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள், அவர்களின் விதவைகள் அன்றாட உணவு விசாரணையில் விடுபட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. எருசலேம் சபை சமாதானம் சொல்லி அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தி விசாரணையையே அவர்களிடம் ஒப்படைத்தது. அந்த ஏழு பெயர்களையும் வாசித்துப் பாருங்கள்: எல்லாம் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா என்பவர் பிறப்பால் யூதர்கூட இல்லை, யூத மார்க்கத்துக்கு மாறிய ஓர் அந்தியோகியா பட்டணத்தார். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

உங்கள் சபையும் அதைச் செய்யலாம். வாசலில் கைகுலுக்குவது நல்லதுதான், ஆனால் எவ்வளவு காலம் அதைச் செய்தாலும் அவர்கள் விருந்தாளிகளாகவே இருப்பார்கள். பொறுப்பைக் கொடுங்கள். ஒரு வேதபாடத்தை அவர்களில் ஒருவர் தம் மொழியில் வாசிக்கட்டும், பிறகு தமிழில் வாசிக்கலாம். காணிக்கை எடுப்பவர்களில் ஒருவர், பாடகர் குழுவில் ஒருவர், வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பில் ஒருவர் என்று வரட்டும். பெஞ்ச் தூக்கவும் இலை எடுக்கவும் மட்டும் கூப்பிடாதீர்கள். அது அவர்கள் வாரம் முழுவதும் செய்யும் வேலையைப் போலவே ஆகிவிடும்.

சந்தா விஷயம் எளிது. யாராவது அவர்கள் கையில் சந்தா அட்டையைக் கொடுத்திருக்கிறார்களா? சொந்தச் சபையிலிருந்து கடிதம் வாங்கி வந்தால் எப்படிப் பதிவு செய்வது என்று ஆயரிடம் கேளுங்கள். அங்கத்தினராகச் சேர வழி காட்டாமல், அங்கத்தினர் இல்லை என்று குறை சொல்வது தகாது.

உங்கள் கணவரின் அண்ணனைக் கமிட்டிக் கூட்டத்தில் எதிர்க்காதீர்கள். குடும்பச் சண்டை சபைச் சண்டையாகிவிடும். ஒரு ஞாயிறு மதியம் அந்தப் பையன்களில் இரண்டு பேரை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். கணவரின் அண்ணனையும் அவர் மனைவியையும் கூப்பிடுங்கள். ஒரே நேரத்தில், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். வருடம் முழுவதும் வடநாட்டு மிஷனெரி ஊழியத்துக்குக் காணிக்கை கொடுக்கிறவராக அவர் இருந்தால், அதே வடநாட்டுப் பிள்ளைகள் தம் எதிரில் உட்கார்ந்திருப்பதை அவரே யோசிப்பார். நீங்கள் பேச வேண்டியதில்லை.

வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டுச் சபைகளைப் பார்த்துச் சொன்னார்: ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அன்று கேட்டவர் நம் ஊர்க்காரர். தெலுங்கு தேசத்துக்குப் போய், அந்த மொழியைக் கற்று, தோர்ணக்கல்லில் பேராயராக வாழ்ந்தவர். இன்று அதே வேண்டுகோள் உங்கள் பின்வரிசையிலிருந்து நம்மை நோக்கி வருகிறது.

உங்களுக்கு இந்தி தெரியாதது தடையே இல்லை. ஒரு வருடம் கம்பெனியில் இருந்தவர்களுக்கு வேலைத் தமிழ் வந்திருக்கும். வருகிற ஞாயிறு நீங்களும் பின்வரிசையில் போய் உட்காருங்கள், பெயர் கேளுங்கள், சங்கீதம் 23ஐ அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. பையன்களைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதே ஊர்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் மில் விடுதிகளில் இருப்பார்கள். வார்டன் அனுமதி இல்லாமல் வெளியே வர முடியாதவர்களும் அவர்களில் இருக்கலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து மூன்று நான்கு பேர் ஆயரோடு போய் நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.