இலையின் கார்பனும் தழைச்சத்தும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பருத்திச் சோதனைத் திடலில் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடுதலாக இட்ட பாத்திகளில் இலையின் கார்பன்-13 டெல்டா மதிப்பு மைனஸ் 28-லிருந்து மைனஸ் 26-க்கு ஏறியிருக்கிறது. உரத்தின் விளைவு என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (முதுகலை மாணவி, திருச்சி)

பதில்: அவசரப்படாதீர்கள். டெல்டா மதிப்பு என்பது, மாதிரியில் கார்பன்-13-க்கும் கார்பன்-12-க்கும் உள்ள விகிதம் ஒரு பொது அளவுகோலிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகியிருக்கிறது என்பதுதான். காற்றின் கார்பனில் நூற்றுக்கு 1.1 பங்குதான் கார்பன்-13. இலையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி இந்தக் கனத்த கார்பனை ஒதுக்கிவிட்டு, கார்பன்-12-ஐப் பொறுக்கி எடுக்கும். இலைக்குள் கரியமில வாயு தாராளமாக இருந்தால்தான் இப்படிப் பொறுக்க முடியும். தட்டுப்பாடு வந்தால் கிடைத்ததையெல்லாம் எடுத்தாக வேண்டும். அப்போது டெல்டா மதிப்பு பூஜ்யத்தை நோக்கி ஏறும்.

தட்டுப்பாடு வர இரண்டு வழிகள் உண்டு. வறட்சியில் இலைத்துளைகள் சுருங்கி வரத்து குறையலாம். அல்லது தழைச்சத்து ஏறி, ரூபிஸ்கோ பெருகி, செலவு கூடலாம். இரண்டுக்கும் எண் ஒன்றுதான்.

உங்கள் எண்களையே பாருங்கள். காற்றின் மதிப்பை மைனஸ் 8.5 என்று வைத்துக் கணக்கிட்டால், இலை கார்பன்-13-ஐ ஒதுக்கும் அளவு 20.1-லிருந்து 18.0-க்கு இறங்குகிறது. வழக்கமான எளிய சமன்பாட்டின்படி (மாறிலிகள் 4.4, 27), இலைக்குள் உள்ள கரியமில வாயு வெளிக்காற்றில் உள்ளதைப்போல் 0.69 பங்காக இருந்து 0.60 பங்காகிவிட்டது. அது ஏன் குறைந்தது என்பதை இந்த எண் சொல்லாது.

பலர் கவனிக்காத சிக்கல் இன்னொன்று. உரமிட்ட பாத்தியில் இலைப்பரப்பு பெருகும். செடி மண்ணின் ஈரத்தை முன்கூட்டியே குடித்துத் தீர்க்கும். ஒரே அளவு தண்ணீர் பாய்ச்சியிருந்தாலும் அந்தப் பாத்தி வறட்சியில் நிற்கும். எனவே மண் ஈரத்தையும், போரோமீட்டரில் இலைத்துளைக் கடத்துதிறனையும் அளந்து வையுங்கள். வசதி இருந்தால் அதே இலையில் கனத்த ஆக்சிஜனான ஆக்சிஜன்-18-ம் பாருங்கள். துளை சுருங்கியிருந்தால் பெரும்பாலும் அதுவும் ஏறியிருக்கும்; ஒளிச்சேர்க்கைத் திறன் மட்டும் கூடியிருந்தால் அவ்வளவாக அசையாது.

தழைச்சத்தை எடை விழுக்காட்டில் மட்டும் சொல்லாதீர்கள். தடித்த இலையில் விழுக்காடு குறைவாகத் தெரிந்தாலும் சதுர மீட்டருக்கு அதிகமாக இருக்கும். டெல்டா மதிப்போடு ஒத்துப்போவது பெரும்பாலும் இந்தப் பரப்புக் கணக்குதான். பரப்பு தெரிந்த வட்டத் துண்டுகளை வெட்டி உலர்த்தி எடைபோட்டால் போதும்.

கேள்வி: மாதிரி எடுப்பதில் எங்கே தவறு நேர்கிறது?

பதில்: பெரும்பாலும் வயலிலேயே. எல்லாச் செடியிலும் வெயில் படும், முழுதாக விரிந்த, ஒரே கணு வரிசை இலையாக எடுங்கள். அடியில் நிழலில் கிடக்கும் இலையின் மதிப்பு, அதே செடியின் உச்சி இலையைவிடத் தாழ்ந்திருக்கும். அதைக் கலந்தால் உர வேறுபாடு தொலைந்துபோகும்.

சுண்ணாம்பு மண் என்றால் இலைத் தூசியைக் காய்ச்சி வடித்த நீரில் சட்டென்று அலசுங்கள். சுண்ணாம்பின் மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால், மாதிரியின் கார்பனில் நூற்றுக்கு 2 பங்கு அதிலிருந்து வந்தாலே முடிவு அரை அலகுக்கு மேல் ஏறிவிடும். கருவியின் பிழையோ சுமார் 0.1 தான்.

பறித்த அன்றே காகித உறையில் 65 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். பிறகு மாவாக அரைக்க வேண்டும். வெள்ளீயக் குப்பிக்குள் போவது 2 அல்லது 3 மில்லிகிராம்தான். நரம்புத் துணுக்கு ஒன்று கிடந்தாலும் அந்தக் குப்பி இலையைப் பிரதிபலிக்காது. ஒரே ஓட்டத்தில் நைட்ரஜன் விழுக்காடும் கிடைத்துவிடும்.

கேள்வி: மக்காச்சோளத்துக்கும் கேழ்வரகுக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அவை சி4 பயிர்கள்; கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, ரூபிஸ்கோவுக்குச் செறிவாகக் கொடுப்பவை. மதிப்பு மைனஸ் 10 முதல் மைனஸ் 15-க்குள் அடங்கிவிடும். தண்ணீரும் உரமும் உண்டாக்கும் மாற்றம் சிறிது, திசையும் மாறலாம்.

கேள்வி: ஐசோடோப் சோதனைக்குப் பணம் இல்லை. மாற்று உண்டா?

பதில்: கோதுமை போன்ற சி3 தானியங்களில் (பருத்தியைப் போல ரூபிஸ்கோவே நேரடியாகக் கரியமில வாயுவைப் பிடிப்பவை) இலைச் சாம்பல் ஓரளவு கைகொடுக்கும். ஒரு கிராம் இலைத்தூளை 550 டிகிரி உலையில் வெண்சாம்பலாகும்வரை 4, 5 மணி நேரம் எரித்து எடைபோடுங்கள். சிலிக்காவும் கால்சியமும் பெரும்பாலும் நீராவிப்போக்கின் ஓட்டத்தோடு வந்து இலையில் தங்குபவை. ஒரு கிராம் உலர்பொருளுக்கு அதிகத் தண்ணீர் செலவழித்த செடியில் சாம்பல் அதிகம், டெல்டா மதிப்பு தாழ்வு. தழைச்சத்து வாயுவாகப் போய்விடுவதால் அதைப் பற்றிச் சாம்பல் வாயே திறக்காது. இலைக்குப் பதில் மணியை எரிக்காதீர்கள். மணிக்குச் சத்து போவது சாறுக்குழாய் வழியாக, அங்கே உறவு தலைகீழாகவும் வரும்.