30 பாட்டுக்கு 3,999 ரூபாயா?

கேள்வி: குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். சம்பளம் 19,000 ரூபாய். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். பிளாஸ்டிக் கிட்டாரை வைத்துத் தாளத்துக்கு வாசிக்கும் வீடியோ கேமின் இரண்டாம் பாகம் 3,999 ரூபாய்க்கு வந்திருக்கிறது. 30 பாடல்கள், முதல் பாகத்துப் பாடல்கள் இதில் வராது. இந்த மாதச் சீட்டுத் தவணையை அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வாங்கலாமா, ஐயா?

பதில்: சிங்காரி மேளம் முழங்கும் ஊர்க்காரருக்குத் தாளத்தில் ஆசை இல்லாவிட்டால்தான் வியப்பு. விளையாட்டுக்குச் செலவழிப்பதைக் குற்றமாகப் பார்க்கிறவன் நான் அல்லன். ஆனால் இந்த விலைக்கு இது தகாது.

இவ்வகை விளையாட்டில் விரல் வேலை பெரும்பாலும் பழையதுதான். காசு புதுப் பாட்டுகளுக்கு. 3,999ஐ 30ஆல் வகுத்தால் பாட்டுக்கு 133 ரூபாய். திரும்பத் திரும்ப வாசிக்கப்போவது பத்துதான் என்றால் 400 ரூபாய். முதல் பாகத்தில் எத்தனை பாட்டை அப்படி வாசித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை உங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

2007இல் இதே வகை விளையாட்டான கிட்டார் ஹீரோ வரிசையில் எண்பதுகளின் பாடல்களை வைத்து ஒரு வெளியீடு வந்தது. அதிலும் 30 பாடல்கள்தான், விலையோ முழுசாக 50 டாலர். அதற்கு முந்தைய கிட்டார் ஹீரோ 2இல் 60க்கு மேல் இருந்தன. விமர்சகர்கள் சும்மா விடவில்லை. 2008இல் வந்த ராக் பேண்ட் 2 என்ற இதே வகை விளையாட்டு வேறு மாதிரி: 84 பாடல்கள், கூடவே முதல் பாகத்தின் பெரும்பாலான பாடல்களை 5 டாலர் கட்டி உள்ளே கொண்டுவரவும் வழி. அப்படி வந்தால் முழு விலை கொடுக்கலாம்.

சீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். தவணை தவறினால் பல சீட்டுகளில் அந்த மாதக் கழிவு, அதாவது தவணையில் குறையும் தொகை, கிடைக்காது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு; மழை நாளில் பால்வெட்டு நின்றால் வீட்டுக்கு வருமானம் உங்கள் சம்பளம் மட்டுமே. அடுத்த மாதம் இரண்டு தவணை கட்டுவது அப்போது எப்படி?

மாதம் 500 ரூபாய் தனியே வையுங்கள். எட்டு மாதத்தில் 4,000 சேரும். இடையில் தள்ளுபடி வந்தால் முன்னதாகவே வாங்கலாம். டிஸ்க்காகவே வாங்குங்கள், அலுத்துப்போனால் விற்கலாம். உங்கள் பழைய கிட்டார் இதற்குப் பொருந்துமா என்பதையும் கடையில் கேட்டுவிடுங்கள். பொருந்தாவிட்டால் 3,999 என்பது தொடக்க விலைதான்.